இல்லத்து இசையாக்கத்திற்கு ஏற்ற மிடி விசைப்பலகையைத் தேர்தல்

இசையாக்கம் முற்காலத்தில் பலர் கூடிச் செய்யுந் தொழிலாய் இருந்தது. ஒரு பாடலை ஒலிப்பதிவு செய்ய விரும்புவார்க்கு வாத்தியக்காரர் பலரும், ஒலிப்பதிவுக் கூடமும், அதனை இயக்க வல்லாரும், இவற்றுக்கெல்லாம் கைந்நிறைந்த பணமும் வேண்டப்பட்டன. இன்றோ ஒரு கணினியும், மடியில் வைக்கத்தகும் ஒரு சிறு விசைப்பலகையும், ஒரு ஹெட்போனும் உடைய மாணவன் தன் வீட்டு மூலையில் இருந்தபடியே குழலும் வயலினும் மிருதங்கமும் சேர்ந்தொலிக்கும் இசையொன்றை ஆக்கிவிட வல்லவனாகின்றான். கலைவிழா நாடகங்களுக்கும், நாட்டிய நிகழ்ச்சிகளுக்கும், குறும்படங்களுக்கும் நம் மாணவர் இவ்வாறு இசையமைக்கத் தொடங்கியுள்ளனர்.

தமிழாசிரியன் ஒருவன் இப்பொருள்பற்றி எழுதப் புகுதல் சிலர்க்கு வியப்பாகலாம். இயல், இசை, நாடகம் என மூன்றாய் விரிந்த மொழியைக் கற்பிப்பானுக்கு இசைக்கருவி அயற்பொருள் அன்று. இயற்கை விஞ்ஞானமும் கணிதமும் கற்று, பின்னர் 1947இல் “யாழ் நூல்” தந்த சுவாமி விபுலாநந்தர், இசையை எண்ணோடு சேர்த்து ஆராயும் வழியை நமக்குக் காட்டிச் சென்றிருக்கின்றார். மேலும், எத்தகைய விசைப்பலகை வாங்கலாம் என்று வினவுவார் பலர். கடைக்காரர் காட்டிய விலையுயர்ந்த கருவியைக் கடன்பட்டு வாங்கிப் பின் பயன்படுத்தாது விடுவாரும் உளர். பணம் வீணாதல் ஒரு கேடு. நம் இசைக்குப் பொருந்தாத கருவியிற் பழகிய விரலும் செவியும் நம் இசையையே அக்கருவிக்கு ஏற்பக் குறுக்கிவிடுதல் அதனினும் பெருங்கேடு. ஆதலின் இக்கட்டுரை எழுதலாயிற்று.

இதன் முடிபை முதலிலேயே கூறிவிடுவாம். கருவியில் எத்தனை பொத்தான்கள் உள என்று எண்ணுதல் வேண்டா. நாம் ஆக்கும் இசைக்கு எவ்வெவ் உறுப்பு இன்றியமையாதது என்று எண்ணுதல் வேண்டும். கமகத்தை உயிராகக் கொண்ட நம் இசைக்கு இன்றியமையாத உறுப்புகளுள் முதலாவது, சுருதியை வளைக்கும் உறுப்பாகும். ஏனையவெல்லாம் அதற்குப் பின்னரே.

1. பெயரும் பொருளும்

“மிடி” என்னுஞ் சொல் தமிழில் வறுமை என்று பொருள்படும். ஈண்டுக் கூறப்படும் மிடி அதுவன்று. “இசைக்கருவிகளுக்கான எண்முறை இணைப்பு” என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களால் ஆயது இது. ஒலிவகையால் ஒன்றாயினும், பின்னைய மிடியை அறிந்து வாங்குவார்க்கு முன்னைய மிடி வாராது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1970களின் இறுதியில் மின்னிசைக் கருவிகள் பலவாய்ப் பெருகின. ஆயின் ஒரு கம்பனியின் கருவி மற்றொரு கம்பனியின் கருவியோடு பேச இயலாதிருந்தது. ஒவ்வொன்றும் தன் தன் மொழியையே அறிந்திருந்தது. இக்குறையைத் தீர்க்க முன்வந்தோருள் இருவர் தலைசிறந்தவர்: அமெரிக்காவில் சீக்குவென்ஷல் சேர்க்கிட்ஸ் என்னும் கம்பனியை நிறுவிய டேவ் சிமித், யப்பானில் ரோலண்ட் கம்பனியை நிறுவிய இக்குதாரோ கக்கேஹாஷி. எல்லாக் கருவிக்கும் பொதுவான ஒரு மொழி வேண்டும் என்னும் முன்மொழிவை சிமித் 1981இல் வெளியிட்டார். 1983 சனவரியில், கலிபோர்ணியாவில் நிகழ்ந்த இசை வணிகக் கண்காட்சியில், இவ்விரு கம்பனிகளின் கருவிகளும் ஒரு வடத்தால் இணைக்கப்பட்டன. ஒன்றின் கட்டையை அழுத்த மற்றொன்று ஒலித்தது. போட்டியாளராய் நின்ற வணிகர் பலர் ஒரு பொதுமொழிக்கு உடன்பட்டது கைத்தொழில் வரலாற்றிற் போற்றத்தக்க நிகழ்ச்சியாகும். இருவருக்கும் 2013இல் தொழினுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது. கக்கேஹாஷி 2017இலும் சிமித் 2022இலும் காலமாயினர். அவர் வகுத்த மொழியோ அடிப்படை மாறாது இன்றும் வழங்குகின்றது. 2020இல் மிடியின் இரண்டாம் பதிப்பு ஏற்கப்பட்டபோதும் முதற்பதிப்பின் கருவிகள் பயனற்றுப் போகவில்லை. ஆதலின் பழைய விசைப்பலகை வாங்குவோரும் அஞ்ச வேண்டுவதில்லை.

2. மிடி விசைப்பலகை ஒலியாது

புதிதாய் வாங்குவோர் முதற்கண் அறியற்பாலது இதுவே. ஆர்மோனியத்தில் துருத்தியின் காற்று நாக்கை அசைக்க ஒலி பிறக்கின்றது. மிடி விசைப்பலகையில் அவ்வாறு ஒலி பிறப்பதில்லை. அது செய்தி அனுப்புவது. ஒலிப்பது கணினியிலுள்ள மென்பொருள். கடிதம் எழுதுபவன் ஒருவன், அதனைப் படித்துப் பாடுபவன் வேறொருவன் என்று உவமை கூறலாம்.

ஒரு கட்டையை அழுத்தியவுடன் செல்லும் செய்தியில் மூன்று பகுதிகள் உள. முதலாவது, “கட்டை அழுந்தியது” என்னும் அறிவிப்பும் அது செல்லும் வழியின் இலக்கமும். வழிகள் 16. இரண்டாவது, எந்தக் கட்டை என்பது. கட்டைகள் 0 முதல் 127 வரை எண்ணப்படும். பியானோவின் நடுச் “சீ” 60 ஆம் எண்ணைப் பெறும். மூன்றாவது, எத்துணை விரைவாக அழுந்தியது என்பது. அதுவும் 127 வரை எண்ணப்படும். மெல்லத் தொட்டால் 20 அல்லது 30. ஓங்கி அடித்தால் 120. இவ்வளவே செய்தி.

இதிலிருந்து இரண்டு முடிபுகள் பெறப்படும். விலையுயர்ந்த மிடி விசைப்பலகையின் ஒலி இனிது, விலைகுறைந்ததன் ஒலி இன்னாதது என்பது பொருந்தாது. இரண்டும் ஒரே எண்களையே அனுப்புகின்றன. ஒலியின் இனிமை வேண்டுவோர் மென்பொருளிலும் ஹெட்போனிலும் பணம் இடுக. இஃது ஒன்று. வீட்டில் ஏற்கெனவே கசியோ, யமஹா போன்ற மின்விசைப்பலகை உளதாயின், புதிதாய் ஒன்று வாங்குமுன் அதன் பின்புறத்தைப் பார்க்க. கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி வாயில் அல்லது ஐந்து ஊசியுள்ள மிடி வாயில் இருப்பின், பெரும்பாலும் அதுவே மிடி விசைப்பலகையாகவும் பயன்படும். ஒரு வடத்தின் விலையோடு செலவு முடியும். இஃது இரண்டாவது. மலிவான விசைப்பலகைகளுள் எல்லாம் மலிவானது நம் வீட்டில் முன்னமே உள்ளதன்றோ?

3. கட்டைகளின் தொகை

கடைகளில் 25, 32, 37, 49, 61, 88 என்னுந் தொகையுடைய பலகைகள் கிடைக்கின்றன. ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டை. மேற் சட்சத்துக்கு ஒன்று. ஆகவே 25 கட்டை இரண்டு ஸ்தாயி, 37 மூன்று, 49 நான்கு, 61 ஐந்து. 88 என்பது முழுப் பியானோ.

இவற்றுள் எது வேண்டும்? இசையை ஒவ்வொரு வரியாகப் பதிவு செய்வோர்க்கு, அஃதாவது முதலில் குழல், பின் வயலின், பின் தாளம் என அடுக்குவோர்க்கு, 25 கட்டையே போதுமானது. நம் இசையில் ஒருவர் பாடும் எல்லை பெரும்பாலும் மந்தர பஞ்சமத்திலிருந்து தார பஞ்சமம் வரையே. அது இரண்டு ஸ்தாயி. அதற்கு மேலும் கீழும் செல்ல வேண்டின், எல்லாப் பலகையிலும் உள்ள ஸ்தாயி மாற்றும் பொத்தான் உதவும். இடக்கையால் சுரக்கூட்டும் வலக்கையால் மெட்டும் ஒருங்கே வாசிப்போர்க்கு 49 வேண்டும். மேனாட்டுப் பியானோத் தேர்வுகளுக்கு ஆயத்தம் செய்வோர்க்கு மட்டுமே 88 இன்றியமையாதது. அவர்க்கும் எடையுள்ள சுத்தியற் கட்டைகள் வேண்டும். அத்தகைய பலகையின் விலை 25 கட்டைப் பலகையின் விலைக்குப் பன்மடங்காகும். பாடல் அமைப்பவர் அதனை வாங்குதல் வீண் செலவே.

கட்டையின் அளவும் நோக்கற்பாலது. சிறு பலகைகளிற் பலவற்றில் கட்டைகள் பியானோக் கட்டையினும் ஒடுங்கியவை. இளஞ்சிறுவர்க்கும் பயணஞ் செய்வோர்க்கும் அவை ஏற்றன. பியானோவோ ஆர்மோனியமோ பழகிய விரலுக்கு அவை இடர் தரும். இரு கட்டைகள் ஒருங்கே அழுந்தும். இயலுமாயின் கடைக்கு நேரிற் சென்று, ஐந்து விரலையும் வைத்துப் பார்த்தே முடிபு செய்க.

“கட்டை” என்னுஞ் சொல் நம் பாடகரிடையே வேறொரு பொருளிலும் வழங்குதல் ஈண்டு நினைக்கத்தக்கது. “என் சுருதி ஐந்தரைக் கட்டை” என்று பாடகி கூறுகின்றாள். இவ்வழக்கு ஆர்மோனியக் கட்டையிலிருந்தே வந்தது. “சீ” என்னும் வெண்கட்டை ஒன்று, அடுத்த கருங்கட்டை ஒன்றரை, “டீ” இரண்டு, “ஜீ” ஐந்து, அதன் மேலுள்ள கருங்கட்டை ஐந்தரை. ஆண்களிற் பலர் ஒன்று முதல் இரண்டரை வரையிலும், பெண்களிற் பலர் ஐந்து, ஐந்தரை, ஆறு என்னுங் கட்டைகளிலும் பாடுவர். மிடி விசைப்பலகையில் அரைச்சுரம் அரைச்சுரமாகச் சுருதி மாற்றும் வசதி உண்டு. ஒரு கட்டையிற் பழகிய விரலமைதியை மாற்றாமலே பாடகியின் ஐந்தரைக் கட்டைக்குப் பக்கம் வாசிக்க இதனால் இயலும். சில பலகைகளில் இதற்குத் தனிப் பொத்தான் உளது. சிலவற்றில் இரண்டு பொத்தான்களை ஒருங்கே அழுத்த வேண்டும். சிலவற்றில் மென்பொருளின் வழியே மாற்ற வேண்டும். பக்கம் வாசிப்போர் இதனைக் கேட்டறிந்து வாங்குக.

4. சுருதி வளைக்கும் உறுப்பு

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவாம்.

வெண்கட்டைகளை “சீ” யிலிருந்து வரிசையாக அழுத்தினால் தீரசங்கராபரணத்தின் ஏழு சுரத்தானங்களும் ஒலிக்கும். ஆயின் அது சங்கராபரணம் ஆகுமா? ஆகாது. சுரங்கள் எலும்புக்கூடு, கமகமே தசையும் உயிரும். தோடி இராகத்துக் காந்தாரத்தை எண்ணுக. அது ஓரிடத்தில் அசையாது நிற்குஞ் சுரமன்று. மேலுங் கீழும் அசைந்து, அவ்வசைவினாலேயே தோடி எனத் தன்னை அறிவிப்பது. அதனை ஒற்றைக் கட்டையில் அழுத்தி நிறுத்தினால் பெயரளவிற் காந்தாரம் உளது, தோடி இல்லை.

இக்குறை புதிதன்று. ஆர்மோனியம் இந்நாட்டு இசைக்குள் வந்தபோதே இவ்வழக்கு எழுந்தது. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. கட்டைக்குக் கட்டை தாவும் அக்கருவி கமகத்தைக் காட்டாது, இந்திய இசையின் நுண்சுருதிகளைக் கெடுக்கும் என்பது அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. 1971 வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் அத்தடை நீடித்தது. தடை செய்தது முறையோ அன்றோ என்பது வேறு வழக்கு. கூறப்பட்ட குறை மெய்யான குறை என்பதை ஆர்மோனிய வித்துவான்களும் மறுப்பதில்லை.

இதற்கு மாறாக வயலினை நோக்குக. அதுவும் மேனாட்டிலிருந்து வந்ததே. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனைக் கருநாடக இசைக்கு உரித்தாக்கினார் என்பர். அதற்கு எவரும் தடை விதித்திலர். என்னை? வயலினில் விரல் வழுக்கிச் செல்லும். கமகம் தடையின்றிப் பிறக்கும். அயல்நாட்டுக் கருவி என்பது குறையன்று. நம் இசைக்கு வளையாத கருவி என்பதே குறை. இதுவே நாம் கொள்ள வேண்டிய அளவுகோல்.

மிடி விசைப்பலகை ஆர்மோனியத்தின் வழிவந்ததா, வயலினின் பக்கம் சார்வதா? விடை, அதன் இடப்புறத்தில் உள்ள ஒரு சிறு சில்லில் இருக்கின்றது. இச்சில்லை முன்னே தள்ளினால் ஒலிக்குஞ் சுரம் உயரும். பின்னே இழுத்தால் தாழும். கையை எடுத்தால் நடுநிலைக்குத் திரும்பும். கட்டைகளுக்கு 128 எண்களே உள. இச்சில்லின் அசைவுக்கோ 16,384 படிகள் வகுக்கப்பட்டுள்ளன. வழக்கமாக அது மேலே இரண்டு அரைச்சுரமும் கீழே இரண்டு அரைச்சுரமும் அசைக்கும். நான்கு அரைச்சுர எல்லையைப் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட படிகளாகப் பகுத்தால் ஒரு படி செவிக்குப் புலனாகாத நுண்மையுடையதாகும். ஆகவே வலக்கை சுரத்தை அழுத்த, இடக்கை சில்லை அசைக்க, தோடியின் காந்தாரம் தன் அசைவைப் பெறுகின்றது. சென்னையைச் சேர்ந்த கே. சத்தியநாராயணன் விசைப்பலகையிலே கருநாடக இசைக் கச்சேரி நிகழ்த்தி வருதல் இவ்வழி இயலும் என்பதற்குக் கண்கூடான சான்று.

ஆதலின் வாங்குவோர் இவ்வுறுப்பின் வடிவை உற்றுநோக்குக. நான்கு வடிவங்கள் வழக்கில் உள:

முதலாவது, சில்லு. எம்-ஓடியோவின் “கீஸ்டேஷன் 49”, நெக்டாரின் “இம்பாக்ட் ஜீஎக்ஸ் 49” முதலியவற்றில் உளது. அசைவின் அளவை விரல் தெளிவாக உணரும். நம் இசைக்கு இதுவே சிறந்தது.

இரண்டாவது, ஊன்றுகோல் போன்ற சிறு நெம்பி. அக்காயின் “எம்பிகே மினி” பதிப்புகள் சிலவற்றில் உளது. இடமும் வலமும் அசைக்கச் சுருதி வளையும். அசையும் தூரம் குறுகியதாதலின் நுண்ணிய கமகத்துக்குப் பயிற்சி மிக வேண்டும்.

மூன்றாவது, தொடு பட்டை. ஆர்ட்டூரியாவின் “மினிலாப் 3”, நொவேஷனின் “லோஞ்ச்கீ மினி” ஆகியவற்றில் உளது. விரலை வழுக்கிச் செல்லுதல் வீணையின் தந்தியை நினைவூட்டும். ஆயினும் நடுநிலையை விரலால் உணர இயலாது. செவியே வழிகாட்ட வேண்டும்.

நான்காவது, பொத்தான். கோர்க்கின் “நனோகீ 2” போன்ற மிகச் சிறிய பலகைகளில் உளது. அழுத்தினால் வளையும், விட்டால் மீளும் என்பதன்றி, வளைவின் அளவை விரல் ஆளாது. மெட்டுக்களைக் குறித்து வைக்க இப்பலகை போதும், கமகத்துக்கு ஆகாது.

இங்கு ஓர் எச்சரிக்கை. சில்லின் செய்தி ஒரு தனிக் கட்டைக்கு உரியதன்று; அந்த வழி முழுமைக்கும் உரியது. அதாவது, ஒரே வழியில் சட்ச பஞ்சமச் சுருதியையும் மெட்டையும் சேர்த்து வாசித்துச் சில்லை அசைத்தால், மெட்டோடு சுருதியும் ஆடும். கேட்பார்க்குத் தம்புரா தள்ளாடுவது போலிருக்கும். ஆகவே தம்புரா ஒலியை ஒரு வழியிலும் மெட்டை மற்றொரு வழியிலும் அமைத்தல் வேண்டும். மென்பொருளில் இரண்டு தடங்கள் திறந்து வெவ்வேறாகப் பதிவு செய்தால் இத்தொல்லை இல்லை. விரலுக்கு விரல் தனி வளைவு தரும் முறையொன்று 2018இல் ஏற்கப்பட்டுள்ளது. அதற்குரிய கருவிகள் பெரும்பாலும் விலை மிக்கவை. தொடக்கத்தில் அவற்றை நாட வேண்டா.

5. ஏனைய உறுப்புகள்

அழுத்த விரைவை உணரும் தன்மை இன்றியமையாதது. இக்காலத்து மிடி பலகைகளில் பெரும்பாலும் இஃதுண்டு. விளையாட்டுப் பொருளாக விற்கப்படும் மலிவான மின்விசைப்பலகை சிலவற்றில் இல்லை. இல்லாதது எல்லாச் சுரத்தையும் ஒரே உரப்பில் ஒலிக்கும்; அதிலே வாசிப்பது உணர்ச்சியின்றி ஒப்புவிக்கும் பாடம் போலாகும்.

தட்டுத் திண்டுகள் எட்டோ பதினாறோ சில பலகைகளில் வரும். விரலால் தட்டித் தாளம் பதிவு செய்ய இவை உதவும். மேனாட்டு முரசு ஒலிகளுக்கு நன்கு பொருந்தும். மிருதங்கச் சொற்கட்டுகளுக்கும் பயன்படும். ஆயின் அச்சொற்களைக் கட்டைகளிலேயே தட்டவும் இயலும். ஆகவே இவை விரும்பத்தக்கன, இன்றியமையாதன அல்ல.

திருகு குமிழ்கள் ஒலியின் தன்மையை மாற்றப் பயன்படும். கணினிச் சுட்டியாலும் அதனைச் செய்யலாம். இவற்றுக்காக மிகுபணம் தருதல் தொடக்கத்தில் வேண்டாதது.

மிதிகட்டை செருகும் வாயில், பியானோ ஒலியை நீட்டிக்க விரும்புவோர்க்கு வேண்டும். மிகச் சிறிய பலகைகளிற் சிலவற்றில் இவ்வாயில் இராது.

உடன் தரும் மென்பொருளும் கருதத்தக்கது. புதிய பலகைகளிற் பலவற்றோடு இசையாக்க மென்பொருளின் சுருங்கிய பதிப்பொன்று உரிமத்துடன் வழங்கப்படுகின்றது. அஃது இல்லையாயினும் கவலற்க. “எல்எம்எம்எஸ்” என்னும் மென்பொருள் எவர்க்கும் இலவசம். அப்பிள் கணினி உடையார்க்குக் “கராஜ்பாண்ட்” விலையின்றியே கிடைக்கும். கணினி இல்லாதவரும் மனந்தளர வேண்டா: 2015இல் வெளிவந்த அன்ட்ரொயிட் ஆறாம் பதிப்பு முதல் கைப்பேசிகளும் மிடியை அறியும். தக்க இணைப்பு வடம் ஒன்றிருந்தால் பல கைப்பேசிகளோடு சிறு பலகையை இணைத்துப் பழகலாம்.

6. தாமதம் யார் குற்றம்?

பலகை வாங்கி வந்த மாணவன் கட்டையை அழுத்துகின்றான். ஒலி சற்றுப் பிந்தி வருகின்றது. தாளம் பிசகுகின்றது. “பலகை பழுது” என்று அதனை மீட்டுக் கொடுக்கச் செல்கின்றான். ஈண்டுச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்பாம்.

ஐந்து ஊசி வடத்தின் வழியே மிடி நொடிக்கு 31,250 பிட்டு வேகத்திற் செல்லும். ஒரு சுரச் செய்திக்கு 30 பிட்டு வேண்டும். ஆகவே நொடிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட சுரச் செய்திகள் செல்லும். ஒன்றுக்கு ஆயிரத்தில் ஒரு நொடியும் ஆகாது. தாமதம் அங்கில்லை.

கணினியோ ஒலியைச் சிறு சிறு பொதிகளாக்கி வெளியிடுகின்றது. நொடிக்கு 44,100 மாதிரிகள் வீதம் ஒலி ஆக்கப்படும். ஒரு பொதியில் 1,024 மாதிரிகள் எனின், 1,024ஐ 44,100ஆல் வகுக்க, ஏறக்குறைய ஆயிரத்தில் 23 நொடி தாமதம். பொதியை 128 மாதிரியாகக் குறைத்தால் தாமதம் ஆயிரத்தில் 3 நொடியாகும். கணினியின் பிற வேலைகளும் சேர்வதால் உண்மைத் தாமதம் இதனினும் சற்று மிகும். எனவே மென்பொருளின் ஒலி அமைப்பிற் சென்று பொதியின் அளவைக் குறைக்க வேண்டும். மிகக் குறைத்தால் ஒலி வெடிக்கும். வெடிக்காத மிகச் சிறிய அளவே தக்கது. விண்டோஸ் கணினியில் “அசியோ” வகை இயக்கியை நிறுவுதல் இதற்கு மிக உதவும். கம்பியற்ற ஹெட்போனை இவ்வேலைக்குக் கொள்ளற்க. அதன் தாமதம் தனியே சேரும். வடமுள்ள சாதாரண ஹெட்போன் விலையும் குறைவு, இப்பணிக்குச் சிறப்பும் மிகுதி.

7. விலையும் சோதனையும்

விலை நாளுக்கு நாள் மாறுவது. நாணய மாற்றும் இறக்குமதி வரியும் அதனை உயர்த்தும், தாழ்த்தும். ஒப்புநோக்கக் கூறின், மேலே பெயர் கூறிய 25 கட்டைச் சிறு பலகைகளிற் பலவும், அலங்காரம் குறைந்த 49 கட்டைப் பலகைகளும் வெளிநாட்டுச் சந்தையில் ஏறக்குறைய ஒரே விலையில் விற்கப்பட்டு வருகின்றன. இஃது உய்த்துணரத்தக்கது. ஒரே பணத்துக்கு ஒருவர் திண்டுகளும் குமிழ்களும் நிறைந்த சிறிய பலகையைப் பெறுகின்றார். மற்றொருவர் முழு அளவுக் கட்டைகளும் நல்ல சில்லும் உடைய பெரிய பலகையைப் பெறுகின்றார். கண்ணைக் கவர்வது முன்னையது. கருநாடக இசையும் மெல்லிசையும் அமைப்பார்க்குப் பயன்படுவது பின்னையது.

பழைய பலகையை வாங்குவோர் கீழ்வருவனவற்றைச் சோதிக்க:

(அ) கணினியோடு இணைத்து, ஒவ்வொரு கட்டையையும் முதலில் மெல்லவும் பின் ஓங்கியும் அழுத்துக. மெல்ல அழுத்தியபோதும் ஏதேனும் ஒரு கட்டை மட்டும் ஓங்கி ஒலித்தால் அதன் உணர்வுப்பகுதி கெட்டது.

(ஆ) ஒரு சுரத்தை அழுத்தியபடி சில்லை முன்னும் பின்னும் தள்ளி விடுக. கையை எடுத்தபின் சுரம் பழைய நிலைக்குச் சரியாக மீளல் வேண்டும். மீளாத சில்லு சுருதி சேராத தம்புராவை ஒக்கும், அதனை வாங்கற்க.

(இ) வடத்தைச் செருகும் வாயிலை மெல்ல அசைத்துப் பார்க்க. இணைப்பு அறுந்து அறுந்து வருமாயின் விலகுக. பழுது பெரும்பாலும் அவ்வாயிலிலேயே தொடங்கும்.

(ஈ) உடன் வந்த மென்பொருள் உரிமத்தை முன்னையவர் பயன்படுத்திவிட்டாரா என வினவுக. பயன்படுத்தியிருப்பின் அதன் மதிப்பை விலையிற் குறைக்க.

(உ) இக்காலத்துக் கணினியோடு தனி இயக்கியின்றி இணைகின்றதா என்று கேட்க. பழைய பலகை சில, தமக்கென வகுத்த இயக்கியின்றிப் பேசா. அவ்வியக்கி இப்போது கிடையாதாயின் பலகை வெறும் மரம்.

தொகுத்துரை

இதுகாறும் கூறியவற்றால், வீட்டில் மின்விசைப்பலகை உள்ளவர் முதலில் அதனையே இணைத்துப் பார்த்தல் வேண்டும் என்பதும், வரிவரியாக இசையமைப்பார்க்கு 25 கட்டையும் இருகையால் வாசிப்பார்க்கு 49 கட்டையும் போதும் என்பதும், அழுத்த விரைவை உணர்தலும் சுருதியை வளைத்தலும் இன்றியமையா இயல்புகள் என்பதும், திண்டும் குமிழும் மிகைப்பொருள் என்பதும், ஒலியின் இனிமையும் தாமதமும் பலகையைச் சார்ந்தவை அல்ல என்பதும் பெறப்பட்டன.

பொருளுடையார்க்கு இவ்வாராய்ச்சி பெரிதாகத் தோன்றாது. ஒரு பலகை பிழைத்தால் மற்றொன்று வாங்குவர். தந்தையார் சேமித்த பணத்தில் ஒரே முறை வாங்கும் மாணவனுக்கே இஃது உயிர்நாடி. அவன் கையிற் சேரும் பலகை ஐந்தாறு ஆண்டு அவன் விரலைப் பழக்கும். விரல் செவியைப் பழக்கும். செவி அவன் ஆக்கும் இசையைப் பழக்கும். வளையாத கருவியில் வளர்ந்த செவி, வளைவின்மையே இசை என்று துணிந்துவிடும். ஆதலின் பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம்: கல்லூரியின் சங்கீத அறைக்கு இரண்டு மிடி விசைப்பலகைகளும் ஒரு கணினியும் வழங்குவீராயின், வாங்க இயலாத மாணவரும் பழகுவர், வாங்க எண்ணுவோரும் முன்னரே சோதித்துத் தெளிவர். அவ்வாறு வழங்குங்காலும் பொத்தான்களை எண்ணாது, சில்லைத் தொட்டுப் பார்த்தே தேர்வீராக.

விழாக் காணுங் கல்லூரி நீடு வாழ்க. அதன் மாணவர் கையில் நம் இசை வளைந்து நெளிந்து வளர்க.